மீச்சிறு வர்க்கமா, ரோபஸ்ட் முறையா? 64 வயல்களின் கணக்கில் மூன்று விடைகள்

கேள்வி – குடமுருட்டி

அனைவருக்கும் வணக்கம். சென்ற சம்பாவில் பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி வட்டங்களில் 64 வயல்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டினேன். ஏக்கருக்கு இட்ட தழைச்சத்து, நாற்று நட்ட நாள், வயலுக்கு வடிகால் வசதி உண்டா இல்லையா ஆகிய மூன்றையும் கொண்டு நெல் விளைச்சலை விளக்கும் நேர்கோட்டுத் தொடர்புப் போக்கைக் கணக்கிடுவதே நோக்கம். மற்ற இரண்டும் மாறாதிருக்கும்போது தழைச்சத்து ஒரு கிலோ கூடினால் நெல் எத்தனை கிலோ கூடுகிறது என்பதே எனக்கு வேண்டிய எண்.

வழக்கமான மீச்சிறு வர்க்க முறையில் அந்தக் கெழு 6 என்று வந்தது. எச்சங்களை, அதாவது உண்மை விளைச்சலுக்கும் கோடு சொல்லும் விளைச்சலுக்கும் உள்ள வேறுபாடுகளை, வரைந்து பார்த்தபோது சில வயல்கள் கூட்டத்திலிருந்து தள்ளி நின்றன. அத்தகைய புள்ளிகளால் எளிதில் இழுபடாத ரோபஸ்ட் முறைகளை நாடி, ஆர் மென்பொருளில் மாஸ் தொகுப்பிலுள்ள ஹூபர் முறையை ஓட்டினேன், 9 வந்தது. பிறகு ரோபஸ்ட்பேஸ் தொகுப்பின் எம்.எம். முறையை ஓட்டினேன், 17 வந்தது. தகவல் ஒன்றுதான், கேட்ட கேள்வியும் ஒன்றுதான், விடை மட்டும் ஏறக்குறைய மூன்று மடங்கு வேறுபடுகிறது. எம்.எம். முறை ஐந்து வயல்களுக்குச் சுழியம் நிறை கொடுத்திருக்கிறது, அதாவது அவற்றைக் கணக்கிலிருந்தே விலக்கியிருக்கிறது.

என் வழிகாட்டி, ஆர்-வர்க்கம் (விளைச்சலின் ஏற்ற இறக்கத்தில் எத்தனை பங்கைக் கோடு விளக்குகிறது என்ற அளவு) எந்த முறையில் அதிகமோ அதையே எடுத்துக்கொள் என்கிறார். அப்படிப் பார்த்தால் மீச்சிறு வர்க்கம்தான் வெல்கிறது. ஆனால் 6 என்ற எண்ணை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரிடம் சொன்னாலும், "யூரியா போட்டதற்கு அவ்வளவுதான் பலனா?" என்று கேட்பார்கள். எந்த விடையை நம்புவது, எந்த அடிப்படையில் நம்புவது என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – வெட்டாறு

ஆர்-வர்க்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகையை மிகச் சிறியதாக்கும் கோடு எதுவோ அதுதான் மீச்சிறு வர்க்கக் கோடு. அதே கூட்டுத்தொகையைக் கொண்டுதான் ஆர்-வர்க்கமும் கணக்கிடப்படுகிறது. ஆகவே அதே தகவலில் வேறெந்தக் கோடும் அதைவிட உயர்ந்த ஆர்-வர்க்கம் பெற முடியாது. வழக்காடுபவரையே தீர்ப்புச் சொல்லவும் உட்கார வைத்தால் தீர்ப்பு யார் பக்கம் போகும் என்று கேட்க வேண்டியதில்லை. உங்கள் வழிகாட்டி சொன்ன ஒப்பீடு அப்படிப்பட்டது.

இனி 6, 9, 17 எப்படி வந்திருக்கலாம் என்பதற்கு, தாளும் பேனாவும் போதுமான ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் என் கற்பனை. ஐந்து வயல்கள், தழைச்சத்து ஏக்கருக்கு 40, 45, 50, 55, 60 கிலோ, விளைச்சல் முறையே 20, 21, 22, 23, 24 குவிண்டால். ஐந்து புள்ளிகளும் ஒரே கோட்டில் கிடக்கின்றன, சாய்வு 0.2, அதாவது ஒரு கிலோ தழைச்சத்துக்கு 20 கிலோ நெல்.

முதல் தவறு விளைச்சலில் நேரட்டும். கடைசி வயலில் விளைந்தது 24 குவிண்டால், அதாவது நேரடிக் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையில் 60 மூட்டை. விவசாயி 60 மூட்டை என்கிறார். எழுதுபவர் அதை ஊரில் புழங்கும் 60 கிலோ மூட்டை என்று எடுத்துக்கொண்டு 36 குவிண்டால் என்று பதிகிறார். இப்போது மீச்சிறு வர்க்கச் சாய்வைக் கணக்கிட்டால் 170-ஐ 250-ஆல் வகுத்து 0.68 கிடைக்கும். ஒரே ஒரு மூட்டைக் குழப்பம் சாய்வை மூன்று மடங்குக்கு மேல் தூக்கிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது எச்சங்களைத்தான். ஐந்து வயல்களின் எச்சங்களும் முறையே 2.4, 0, −2.4, −4.8, 4.8. தவறாகப் பதிந்த ஐந்தாவது வயலின் எச்சமும், ஒரு பாவமும் அறியாத நான்காவது வயலின் எச்சமும் அளவில் ஒன்றே! கோடு தவறான புள்ளியை நோக்கி வளைந்துகொடுத்துவிட்டதால், எச்சத்தை மட்டும் பார்ப்பவருக்கு யார் குற்றவாளி என்று தெரியாது.

இரண்டாவது தவறு தழைச்சத்தில் நேரட்டும். விளைச்சல் 24 என்று சரியாகவே இருக்கிறது. ஆனால் 60 கிலோ தழைச்சத்து என்று எழுத வேண்டிய இடத்தில், அந்தத் தழைச்சத்தைக் கொடுத்த யூரியாவின் எடையான 130 கிலோவை எழுதிவிட்டார்கள். யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு என்பதால் 130 கிலோ யூரியா ஏறத்தாழ 60 கிலோ தழைச்சத்து. இப்போது சாய்வு 190-ஐ 5570-ஆல் வகுத்தது, அதாவது 0.034. எச்சங்கள் −1.18, −0.35, 0.48, 1.31, −0.25. தவறான வயலின் எச்சம்தான் ஐந்திலும் சிறியது! இப்படிக் கிடைமட்டத்தில் வெகுதூரம் தள்ளி நிற்பதை நெம்பு புள்ளி என்பார்கள். ஏற்றக்கோலின் நுனியில் தொங்குபவரைப் போல, அது ஒன்றே கோட்டின் சாய்வைத் தீர்மானித்துவிடுகிறது.

இங்கேதான் ஹூபர் முறை கைவிடுகிறது. பெரிய எச்சம் உள்ள புள்ளிக்கு நிறையைக் குறைப்பதே அதன் வேலை. மேலே உள்ள எச்சங்களைக் குறி பாராமல் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை 0.48, அதை 1.4826-ஆல் பெருக்கினால் அளவுகோல் 0.71, ஹூபரின் வழக்கமான எல்லை அதன் 1.345 மடங்கு, ஏறத்தாழ 0.95. அந்த எல்லையைத் தாண்டி நிற்பவை முதல் வயலும் நான்காவது வயலும். அதாவது முதல் சுற்றிலேயே நல்ல வயல்கள் இரண்டின் நிறையைக் குறைத்துவிட்டு, கெட்ட வயலுக்கு முழு நிறையையும் கொடுத்து உட்கார வைக்கிறது. ரோபஸ்ட் என்ற பெயரை மட்டும் நம்பி எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இதே இரண்டு தவறுகளையும் தைல்–சென் முறையில் பாருங்கள். ஐந்து புள்ளிகளை இரண்டிரண்டாக இணைத்தால் பத்துச் சாய்வுகள் கிடைக்கும். இரண்டு நேர்வுகளிலும் நல்ல புள்ளிகள் நான்குக்கிடையே உள்ள ஆறு சாய்வுகளும் 0.2, கெட்ட புள்ளியைத் தொடும் நான்கு மட்டும் தாறுமாறாக இருக்கும். பத்தின் இடைநிலை இரண்டு முறையும் 0.2 தான். தைல் இதை 1950-இல் சொன்னார். கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பிரணாப் குமார் சென் 1968-இல் விரித்தெழுதினார். புள்ளிகளில் ஏறத்தாழ 29 விழுக்காடு வரை கெட்டாலும் இது தாங்கும். உங்களுக்கு மூன்று மாறிகள் இருப்பதால் நேரடியாக இதைக் கையாள முடியாது, ஆனால் தழைச்சத்து ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தால் ஒரு குறிப்புக் கிடைக்கும்.

உங்கள் எண்களைப் பார்த்தால், மீச்சிறு வர்க்கத்திலும் ஹூபரிலும் சாய்வு குறைவு, எம்.எம். முறையில் மட்டும் கூடுதல். இது இரண்டாவது வகைத் தவறின் சாயல். சுழியம் நிறை பெற்ற அந்த ஐந்து வயல்களின் தழைச்சத்து எண் என்னவென்று பார்த்தீர்களா?

குடமுருட்டி

மிக்க நன்றி ஐயா. உடனே பார்த்தேன். ஐந்தில் மூன்று வயல்களில் தழைச்சத்து 120-க்கு மேல் இருக்கிறது. மற்ற 61 வயல்களில் எதுவும் 75-ஐத் தாண்டவில்லை. நான்காவது வயலில் விளைச்சல் 37 குவிண்டால் என்று இருக்கிறது. ஐந்தாவது வயலில் ஏக்கருக்கு 5 குவிண்டால்தான். வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு இவற்றை நீக்கிவிடலாமா என்று தெரியவில்லை. நீக்கிவிட்டு மீச்சிறு வர்க்கமே ஓட்டினால் போதாதா, எம்.எம். முறை எதற்கு?

மறுமொழி – அரசலாறு

வெட்டாறு அவர்களின் கணக்கு தெளிவாக இருக்கிறது. நண்பர் கடைசியாகக் கேட்ட கேள்வி நுட்பமானது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

மீச்சிறு வர்க்கத்தை 1805-இல் வால்மீன்களின் பாதையைக் கணக்கிடும் நூலில் அச்சிட்டு வெளியிட்டவர் லெஜாந்தர். 1809-இல் எழுதிய காஸ், தாம் 1795 முதலே அதைக் கையாண்டு வருவதாகச் சொல்லிக்கொண்டார். காஸ் பெயரில் வழங்கும் தேற்றம் அதற்கு ஒரு கௌரவத்தைக் கொடுக்கிறது: பிழைகளின் சராசரி சுழியமாகவும், பரவல் எங்கும் ஒரே அளவாகவும், ஒன்றோடொன்று ஒட்டுறவு இல்லாமலும் இருந்தால், நேரியலான, சராசரியில் எந்தப் பக்கமும் பிசகாத மதிப்பீடுகளுள் அதுவே சிறந்தது. பிழைகள் மணி வடிவ இயல்நிலைப் பரவலாகவும் இருந்துவிட்டால், அப்படிப் பிசகாத மதிப்பீடுகளில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. அந்த நிபந்தனைகள் சற்றே பிசகினால் என்ன ஆகும் என்பதே பின்னால் வந்தவர்களின் கேள்வி. ரோபஸ்ட் என்ற சொல்லைப் புள்ளியியலில் 1953-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் பாக்ஸ். 1960-இல் ஜான் டூக்கி, இயல்நிலைப் பரவலில் துளியளவு கலப்படம் சேர்ந்தாலே பழைய அளவைகளின் சிறப்பு சரிந்துவிடும் என்று காட்டினார். 1964-இல் பீட்டர் ஹூபர் அதற்குக் கோட்பாடு வகுத்தார்.

ஒரு முறையை எடைபோட இரண்டு அளவுகளைக் கேட்க வேண்டும். ஒன்று, தகவல் எத்தனை பங்கு கெடும் வரை விடை தாக்குப்பிடிக்கும் என்ற முறிவுப் புள்ளி. மீச்சிறு வர்க்கத்துக்கு அது நடைமுறையில் சுழியம். நெம்பு புள்ளிகள் இருக்கக்கூடிய இடத்தில் ஹூபருக்கும் அதே கதிதான். மற்றொன்று, தகவல் சுத்தமாக இருந்தால் நாம் எவ்வளவு இழக்கிறோம் என்ற திறன். ஹூபரின் 1.345 என்ற எல்லை, இயல்நிலைப் பரவலில் 95 விழுக்காடு திறன் கிடைக்கும்படி தேர்ந்தெடுத்தது. 1984-இல் பீட்டர் ரூசேயு முன்வைத்த மீச்சிறு இடைநிலை வர்க்க முறை பாதித் தகவல் கெட்டாலும் தாங்கும், ஆனால் சுத்தமான தகவலில் மிகவும் தள்ளாடும். அதே ஆண்டில் அவரும் யோஹாயும் சேர்ந்து தந்த எஸ். முறை 50 விழுக்காடு முறிவுப் புள்ளியைக் கொடுக்கும்போது திறன் 28.7 விழுக்காடுதான். காவலுக்கு நிறுத்தியவருக்கே விளைச்சலில் முக்கால் பங்கைக் கொடுப்பது போன்ற கணக்கு அது. 1987-இல் யோஹாய் தந்த எம்.எம். முறைதான் இரண்டையும் ஒருங்கே சாதித்தது. முதலில் எஸ். முறையால் பத்திரமான ஒரு தொடக்கக் கோட்டையும் அளவுகோலையும் பெறுகிறது. பின்பு அந்த அளவுகோலை மாற்றாமல் வைத்துக்கொண்டு, டூக்கியின் நிறைச் சார்பால் 4.685 என்ற எல்லையில் 95 விழுக்காடு திறனுடன் கோட்டைச் சீர்செய்கிறது. அந்த எல்லைக்கு அப்பால் நிற்கும் புள்ளிக்கு நிறை முழுச் சுழியம். உங்கள் ஐந்து வயல்களுக்கு நேர்ந்தது அதுவே.

இப்போது உங்கள் கேள்வி. கையால் நீக்கிவிட்டு மீச்சிறு வர்க்கம் ஓட்டுவதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. கெட்ட புள்ளிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். ஒரு புள்ளியை நீக்கினால் கோடு எவ்வளவு நகரும் என்று அளக்கும் குக் தொலைவைப் பார்த்து ஒன்றை நீக்கினால் மற்ற இரண்டும் இன்னும் கோட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால் ஒன்றும் நகராது. உங்களிடம் 120-க்கு மேல் மூன்று வயல்கள் ஒரே பக்கத்தில் நிற்கின்றன என்பதால் இது வெறும் ஏட்டுப் பேச்சன்று. அடுத்து, நீக்கிய பிறகு மென்பொருள் அச்சிடும் திட்டப் பிழை (கெழு எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு), நீங்கள் நீக்கியதே தெரியாதது போல் கணக்கிட்டது. உண்மையைவிடச் சிறியதாக இருக்கும். அந்த எண்ணை ஆய்வேட்டில் அப்படியே எழுதுவது நேர்மையாகாது.

இடையில் ஒன்று. பொருளியல் படித்தவர்கள் ரோபஸ்ட் என்று சொல்லும்போது பெரும்பாலும் 1980-இல் ஒயிட் தந்த திட்டப் பிழையைக் குறிப்பிடுகிறார்கள். அது கோட்டைத் தொடுவதே இல்லை. அதே 6-ஐ வைத்துக்கொண்டு அதன் பிழை எல்லையை மட்டும் திருத்தும். தேர்வாளர் அந்தப் பொருளில் கேட்டால் குழம்பிவிடாதீர்கள். என்னையே ஒருவர் நேர்காணலில் அப்படிக் கேட்க, நான் ஹூபரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தேன்.

வடிகால் உண்டு, இல்லை என்ற மாறியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எம்.எம். முறை சிறு சிறு கூறுகளைக் குலுக்கி எடுத்துத் தொடங்குவதால், வடிகால் இல்லாத வயல்கள் மிகச் சிலவே என்றால் அந்தச் சிறுபான்மையையே விலகு புள்ளிகள் என்று ஒதுக்கிவிடும் அபாயம் உண்டு. குலுக்கலைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு நாலைந்து முறை மாற்றி ஓட்டுங்கள். விடை ஆடினால் சந்தேகப்படுங்கள்.

மறுமொழி – கடைமடை

நான் புள்ளியியல் படித்தவன் அல்லன். பயிர் அறுவடைச் சோதனைக்காகப் பல ஆண்டுகள் வயல்களில் நின்றவன். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டவன். உங்கள் மூன்று எண்களைவிட அந்த ஐந்து வயல்கள்தாம் எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன.

யூரியா மூட்டை முன்பு 50 கிலோ, 2018 முதல் 45 கிலோ. ஒரு மூட்டையில் இப்போது 20.7 கிலோ தழைச்சத்து. விவசாயி மூன்று மூட்டை என்று சொன்னால் அது 135 கிலோ யூரியா, 62 கிலோ தழைச்சத்து. உங்கள் 120-க்கு மேற்பட்ட மூன்றும் 45-இன் மடங்காக இருந்தால் கதை முடிந்தது. விளைச்சலிலோ மூட்டைக் குழப்பம் மட்டுமன்று. மா என்ற நில அளவைக்கு இத்தனை என்று சொன்னதை ஏக்கருக்கு என்று எழுதுவதும் உண்டு. மூன்று மா ஓர் ஏக்கர் என்பதால் அந்தத் தவறு மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். ஈரப்பதமும் உண்டு, கொள்முதலுக்கு 17 விழுக்காடு என்ற வரம்பு இருக்க, களத்தில் எடை போட்ட நெல் அதற்கு மேல் ஈரமாக இருந்தால் எண் ஊதிக் காட்டும், ஆனால் அது விலகு புள்ளி அளவுக்குப் போகாது.

என் ஆட்சேபணை ஐந்தாவது வயலைப் பற்றியது. ஏக்கருக்கு 5 குவிண்டால் என்பது தவறாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய ஆண்டில் ஒன்றுமே கிடைக்காத வயல்களை நான் பார்த்திருக்கிறேன். புயல் இல்லாத ஆண்டிலும் கார்த்திகை மழையில் வெள்ளம் வடியாமல் கடைமடையில் பயிர் ஒரு வாரம் மூழ்கிக் கிடப்பது புதிதன்று. அந்த வயலுக்குச் சுழியம் நிறை என்று கணினி சொன்னால், கணினிக்கு அது பிடிக்கவில்லை என்றுதான் பொருள்; அந்த விவசாயி பட்ட நட்டம் பொய் என்று பொருளன்று. தழைச்சத்தின் பலன் என்ன என்று கேட்பவர் அந்த வயலை ஒதுக்கலாம். காப்பீட்டுக்காக ஒரு கிராமத்தின் விளைச்சல் எவ்வளவு என்று கேட்பவர் அதைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

அரசலாறு

கடைமடை அவர்கள் சொன்னதைக் கணக்கின் மொழியில் ஒரு வரி சேர்க்கிறேன். எம்.எம். கோடு பெரும்பான்மை வயல்களின் போக்கைச் சொல்வது. மொத்த விளைச்சல் வேண்டுமென்றால் சராசரிதான் பெருக்கலுக்கு உதவும், அப்போது மூழ்கிய வயலும் உள்ளே இருந்தாக வேண்டும். பிழைகள் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும் இடத்தில், வெள்ளம் அப்படித்தான் செய்யும், எம்.எம். கோட்டின் உயரம் உண்மையான சராசரியைவிட மேலே நிற்கும். எதைக் கேட்கிறோம் என்பது மாறினால் முறையும் மாறும்.

பெல்ஜியத்தின் 1950 முதல் 1973 வரையிலான தொலைபேசி அழைப்புத் தகவலை ரூசேயு எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தினார். 1964 முதல் 1969 வரை அழைப்புகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக நிமிடங்களைப் பதிந்துவிட்டார்கள். மீச்சிறு வர்க்கக் கோடு அந்த ஆண்டுகளின் பக்கம் சாய்ந்துபோனது. உங்கள் மூன்று வயல்கள் யூரியாவாக இருக்குமானால் அதே கதை காவிரிக் கரையிலும் நடந்திருக்கிறது.

குடமுருட்டி

இரண்டு நாள் அலைந்துவிட்டு வந்து எழுதுகிறேன். 120-க்கு மேற்பட்ட மூன்று எண்களும் 135, 135, 180. கடைமடை ஐயா சொன்னபடி மூன்றும் 45-இன் மடங்கு. படிவங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றையும் நிரப்பியது ஒரே கை, 0.46-ஆல் பெருக்கும் வரியை அந்தப் பக்கங்களில் மட்டும் விட்டிருக்கிறார். அந்தக் கை என்னுடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 37 குவிண்டால் வயலின் உரிமையாளர் கொள்முதல் ரசீதை எடுத்துக் காட்டினார். 40 கிலோ மூட்டைதான். திருத்தியபோது 25-க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

இந்த நான்கையும் திருத்திய பிறகு மீச்சிறு வர்க்கம் 15, எம்.எம். முறை 17. மிச்சமுள்ள வேறுபாடு ஐந்தாவது வயல் ஒன்றால் வருவது. அது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வடிகால் இல்லாத வயல். உரிமையாளரின் மனைவி வரப்பில் நின்று, தண்ணீர் எதுவரை நின்றது என்று முழங்காலுக்கு மேல் கையை வைத்துக் காட்டினார். ஒன்பது நாள் வடியவில்லையாம். அந்த எண்ணைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். இரண்டு கெழுக்களையும் பக்கம் பக்கமாக எழுதி, நடுவில் இந்த வயலைப் பற்றி ஒரு பத்தியும் சேர்த்து வழிகாட்டியிடம் கொடுத்திருக்கிறேன். மூழ்கிய நாள்கள் எத்தனை என்ற கேள்வியை மற்ற 63 பேரிடமும் கேட்காமல் விட்டுவிட்டேன். தை அறுவடைக்குள் அதையும் கேட்டு நான்காவது மாறியாகச் சேர்க்க எண்ணியிருக்கிறேன்.